மாதம் இரண்டு ஞாயிறு ஓட்ட மவுண்டன் பைக்: புதியதா, பழையதா, வாடகையா?

கேள்வி: என் சொந்த ஊர் தருமபுரி. பெங்களூரு கே.ஆர். புரத்தில் மனைவி, மகளுடன் வசிக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ரூ.62,000. வாடகை ரூ.17,000, வீட்டுச் செலவு ரூ.27,000, மகளின் பள்ளிக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ரூ.6,000, ஊரில் பெற்றோருக்கு ரூ.4,000, ஸ்கூட்டர் தவணை ரூ.3,400. ஸ்கூட்டர் கடன் இன்னும் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். வங்கியில் ரூ.55,000 சேமிப்பு உள்ளது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைப் பக்கமும் துரஹள்ளி காட்டுப் பாதையிலும் ஓட்டுவதற்கு ஒரு மவுண்டன் பைக் (கரடுமுரடான பாதைக்கான கியர் சைக்கிள்) வாங்க விரும்புகிறேன். கடையில் ஒரு புதிய வண்டியை ரூ.38,000-க்கு, ஒன்பது மாத வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரூ.28,000-க்கு வாங்கிய தன் வண்டியை உடன் வேலை செய்பவர் ஒருவர் ரூ.15,000-க்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். வீட்டருகே உள்ள கடையில் டபுள் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் அமைப்பு) கொண்ட வண்டி ஒன்று ரூ.9,500-க்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? இது வீண் செலவு என்று என் மனைவி கருதுகிறார்.

– வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு

பதில்: வரவையும் செலவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடிகிறது. ரூ.38,000 வண்டியைத் தவணையில் வாங்க வேண்டாம். ரூ.9,500 வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். உடன் வேலை செய்யும் நண்பரின் வண்டி உங்கள் உயரத்துக்குப் பொருந்தி, கீழே சொல்லும் சோதனைகளிலும் தேறினால் அதை வாங்கலாம், ஆனால் ரூ.15,000-க்கு அல்ல, இன்றைக்கே கட்டாயம் வாங்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் மனைவியின் கருத்தையும் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு எத்தனை முறை உண்மையில் ஓட்டுவீர்கள் என்பது தெரிந்தால்தான் இது வீண் செலவா இல்லையா என்பது தெரியும். அந்த எண்ணிக்கை இப்போது உங்களிடமும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட செலவுகளின் கூட்டுத்தொகை ரூ.57,400, மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது ரூ.4,600. ரூ.38,000-ஐ ஒன்பதால் வகுத்தால் மாதத் தவணை ரூ.4,222 ஆகிறது. அதாவது ஒன்பது மாதங்களுக்கு உங்கள் குடும்பத்தின் மொத்த உபரியையும் ஒரு சைக்கிள் எடுத்துக்கொள்ள, மாதம் ரூ.378 மட்டுமே மீதமிருக்கும். அதற்கிடையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, தருமபுரிக்கு அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலோ, கிரெடிட் கார்டைத்தான் நாட வேண்டியிருக்கும். கார்டில் நிலுவை வைத்தால் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் ஏறுவது சாதாரணம். கையிருப்பாக உள்ள ரூ.55,000 உங்கள் ஒரு மாதச் செலவுக்கே போதாது என்பதையும் கவனியுங்கள். அந்தப் பணத்தைச் சைக்கிளுக்காகத் தொடக் கூடாது.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் வங்கி வட்டி போடவே செய்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடையோ நிறுவனமோ விலையில் கழித்துக் காட்டுகிறது. ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று கொண்டால், ஒன்பது மாதங்களில் ரூ.38,000-க்குள் அடங்கியிருக்கும் வட்டி ஏறத்தாழ ரூ.2,270. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் ரூ.409, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் இருந்தால் அதுவும் அதன் மேலான வரியும் கூடும். இவற்றைவிடப் பெரிய இழப்பு, ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்துத் தரக்கூடிய தள்ளுபடியைக் கேட்கும் வாய்ப்பே போய்விடுவதாகும். முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்தால் கடைசி விலை என்ன என்று அந்தக் கடையில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விலைக்கும் ரூ.38,000-க்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் கட்டும் உண்மையான வட்டி.

எப்போதாவது ஓட்டும் வண்டிக்கு வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது போதாது. வாங்கும் விலையுடன் பராமரிப்பைக் கூட்டி, பிறகு விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, ஓட்டிய நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு சவாரிக்கு ஆகும் செலவு புலப்படும். மாதம் இரண்டு என்று நீங்கள் எழுதியிருந்தாலும், மழை, ஊர்ப் பயணம், உறவினர் வருகை ஆகியவற்றைக் கழித்து ஆண்டுக்கு 18 சவாரி என்று கொள்கிறேன். நான்கு ஆண்டுகளில் 72. ஆண்டுப் பராமரிப்பு ரூ.2,000 என்றும், நான்கு ஆண்டு கழித்துப் புதிய வண்டி ரூ.14,000-க்கும் நண்பரின் வண்டி ரூ.6,000-க்கும் விலை போகும் என்றும் வைத்துக்கொள்கிறேன். இவை என் உத்தேச மதிப்புகள்தான். உங்களுக்குத் தெரிந்த எண்களைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம். புதிய வண்டியின் நிகரச் செலவு ரூ.32,000, ஒரு சவாரிக்கு ரூ.444. நண்பரின் வண்டிக்குக் கேட்ட விலையையே கொடுத்து, முதல் பழுதுபார்ப்புக்கு ரூ.3,000 சேர்த்தாலும் நிகரச் செலவு ரூ.20,000, ஒரு சவாரிக்கு ரூ.278.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதை நீங்கள் கேட்கவில்லை. பெங்களூருவில் கியர் சைக்கிள்களை நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ரூ.500 என்று வைத்துக்கொண்டால், பழைய வண்டியின் ரூ.20,000 என்பது 40 சவாரிகளின் வாடகை, அதாவது ஆண்டுக்குப் பத்து. புதிய வண்டியின் ரூ.32,000 என்பது 64 சவாரிகளின் வாடகை, அதாவது ஆண்டுக்குப் பதினாறு. ஆண்டுக்குப் பத்து முறைக்கும் குறைவாக ஓட்டுபவருக்கு எந்தச் சைக்கிளும் சொந்தமாகத் தேவையில்லை, வாடகையே மலிவு. 2020-இலும் 2021-இலும் ஊரடங்கு நாட்களில் ஆர்வத்தோடு வாங்கப்பட்ட சைக்கிள்கள் இந்த நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளங்களில், காற்று இறங்கிய டயர்களோடு தூசி படிந்து நிற்பதை இன்றும் பார்க்கிறேன். அவற்றை வாங்கியவர்களும் உங்களைப் போல உண்மையான விருப்பத்தோடுதான் வாங்கினார்கள்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் சற்று ஆழமாக யோசியுங்கள். நந்தி மலை 1,478 மீட்டர் உயரமுடையது, பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் உச்சி வரை தார்ச் சாலைதான். தார்ச் சாலையில் மவுண்டன் பைக்கின் அகலமான முள் டயரும் முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கின் எடையும் உதவியாக இல்லாமல் சுமையாகிவிடும்; ஏற்றத்தில் மிதிக்கும்போது ஃபோர்க் அமுங்கி எழுவதால் உங்கள் சக்தியில் ஒரு பகுதியும் வீணாகும். துரஹள்ளி மண் பாதைக்கு மவுண்டன் பைக் பொருத்தமானது. ஆனால் அது கனகபுரா சாலைப் பக்கம், உங்கள் வீட்டிலிருந்து நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. வனத்துறையின் நிலம் என்பதால் எப்போது வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று எண்ணவும் முடியாது. பத்தில் எட்டுச் சவாரி தார்ச் சாலையில்தான் என்றால், மெல்லிய டயர் கொண்ட ஹைப்ரிட் வகை வண்டி உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்; பழையதாகவும் எளிதில் கிடைக்கும்.

வீட்டருகே உள்ள கடையின் டபுள் சஸ்பென்ஷன் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த விலையில் பின்னால் பொருத்தப்படுவது வெறும் ஸ்பிரிங்தான். அதன் துள்ளலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு எதுவும் அதில் இருப்பதில்லை. ஃபிரேம் கனமான இரும்பால் ஆனது. மேட்டில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி துள்ளுமே தவிர முன்னே போகாது. நான்கு ஞாயிறு கடந்தபின் அது ஓரமாக நிற்கும், விற்கப் போனால் கேட்பாரும் இருக்க மாட்டார்கள். ரூ.9,500-ம் முழுமையான இழப்பாகிவிடும் என்பதால், மூன்றிலும் இதுவே விலை மிகுந்த வண்டி என்று நான் கருதுகிறேன்.

இனி நண்பரின் வண்டி. முதலில் அளவைப் பாருங்கள். உங்கள் உயரத்தையோ அவர் உயரத்தையோ நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஃபிரேமின் அளவு ஒன்றுதான் பிறகு எந்தச் செலவு செய்தும் திருத்த முடியாத குறை. இருக்கையை ஏற்றி இறக்கலாம், ஹேண்டில்பாரை மாற்றலாம், ஃபிரேமின் நீளத்தை மாற்ற முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நானே மலிவு என்ற ஒரே காரணத்துக்காக என்னைவிட உயரமானவரின் வண்டியை வாங்கினேன். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் இடுப்பு வலித்ததால் எட்டே மாதத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். எனவே அந்த வண்டியை இரண்டு ஞாயிறு இரவல் தரும்படி அவரிடம் கேளுங்கள். அதற்கு வாடகையும் கொடுங்கள். விற்க நினைப்பவர் இதை மறுக்க மாட்டார்.

அளவு பொருந்தினால் அடுத்து செயினை அளக்க வேண்டும். செயினில் ஒரு பின்னின் நடுப்புள்ளியிலிருந்து, அதற்கு அடுத்த பின்னை ஒன்று என எண்ணினால் வரும் இருபத்து நான்காவது பின்னின் நடுப்புள்ளி வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளும்போது ஹேண்டில்பாரின் கழுத்தில் தட்டுவது போன்ற ஓசை வரக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றி ரிம் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க்கின் வழவழப்பான குழாய்களில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் பழுதுபார்ப்புச் செலவு நான் சொன்ன ரூ.3,000-க்குள் அடங்காது. ஃபிரேமில் வெல்டிங் வைத்த இடங்களில் முடியளவு விரிசல் தென்பட்டாலும் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். இவற்றையெல்லாம் நீங்களே பார்க்கத் தயங்கினால், கியர் சைக்கிள் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துக் காட்டுங்கள்.

விலையைப் பேசும்போது அவர் கொடுத்த ரூ.28,000-ஐ அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அவர் வாங்கியபோது சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூ.28,000-இல் வரி நீங்கிய விலை ரூ.25,000, அடிப்படை விலை மாறாதிருந்தால் அதே வண்டி இன்று புதிதாக ரூ.26,250-க்குக் கிடைக்க வேண்டும். அதே மாடலின் இன்றைய கடை விலையை விசாரித்து, அதில் பாதியைத் தொடக்கமாக வைத்து, மாற்ற வேண்டிய உதிரிபாகங்களின் விலையைக் கழித்துக் கேளுங்கள். ரூ.12,000 முதல் ரூ.13,000 வரை நியாயமான விலையாக எனக்குப் படுகிறது. நண்பர் என்றாலும் பழைய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்து, விற்றதற்கு ஒரு சிறு ரசீது எழுதி வாங்கி, பணத்தை யு.பி.ஐ. வழியாகவே அனுப்புங்கள். முகம் தெரியாதவரிடம் வாங்க நேர்ந்தால் பில் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் வண்டியையும் பணத்தையும் இழக்க நேரிடும்.

நண்பரின் வண்டி அளவிலோ சோதனையிலோ தேறாவிட்டால், பழைய வண்டிகளைச் சோதித்துப் பார்க்க நம்பகமான ஆளும் கிடைக்காவிட்டால், இருபதாயிரத்தை ஒட்டிய விலையில் அலுமினிய ஃபிரேம் கொண்ட புதிய அடிப்படை மாடலைப் பாருங்கள். டெகத்லானின் ராக்ரைடர், ஃபயர்ஃபாக்ஸ், மான்ட்ரா போன்ற பெயர்களில் கிடைக்கும் வண்டிகளை ஓட்டிப் பார்த்து அளவு தேர்ந்தெடுக்கலாம், உத்தரவாதமும் உண்டு. அந்த விலையில் பின் சஸ்பென்ஷனும் பகட்டான வண்ணமும் தேடாமல், பிரேக்கும் கியரும் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எந்த வண்டியானாலும் ஹெல்மெட் மட்டும் புதிதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டின் சேதம் வெளியே தெரியாது. ஹெல்மெட், பூட்டு, விளக்கு, பம்பு, மாற்று டியூப் எல்லாவற்றுக்கும் தனியாக ரூ.4,000 ஒதுக்குங்கள்.

அடுத்த ஐந்து மாதங்களை இப்படி அமைத்துக்கொள்ளலாம். மாத உபரி ரூ.4,600-இல் ரூ.1,000-ஐ இரண்டு வாடகைச் சவாரிகளுக்கு வைத்துக்கொண்டு, மீதி ரூ.3,600-ஐத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஓட்டிய ஒவ்வொரு ஞாயிறையும் நாள்காட்டியில் குறித்து, அதை உங்கள் மனைவியும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். ஐந்தாம் மாத முடிவில் ரூ.18,000 சேர்ந்திருக்கும், ஸ்கூட்டர் கடனும் முடிந்திருக்கும். அந்த ஐந்து மாதங்களில் ஏழு, எட்டு முறை ஓட்டியிருந்தால் ரூ.13,000-க்கு வண்டியும் ரூ.4,000-க்கு மற்றவையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு முறைதான் போயிருந்தால் வாடகையையே தொடருங்கள், ரூ.18,000 அவசரகால நிதிக்குப் போகட்டும். அதுவரை நண்பர் காத்திருக்காமல் வேறொருவருக்கு விற்றுவிட்டால் வருந்த வேண்டாம், இந்த நகரத்தில் பழைய மவுண்டன் பைக்குகளுக்குப் பஞ்சமில்லை. இரவல் ஓட்டிப் பார்த்து வண்டி மிகவும் பிடித்துவிட்டால், ரூ.13,000-ஐ மூன்று மாதத் தவணையாகப் பெற்றுக்கொள்வாரா என்று அவரிடமே கேட்கலாம், மாதம் ரூ.4,333 உங்கள் உபரிக்குள் அடங்கும், வங்கிக் கட்டணமும் இல்லை. ஆனால் ஹெல்மெட் வாங்கும் வரை வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

ஆறாம் மாதம் முதல் ஸ்கூட்டர் தவணையாகப் போன ரூ.3,400-ம் சேர்ந்து உங்கள் உபரி ரூ.8,000 ஆகும். அதில் ரூ.7,000-ஐத் தொடர் வைப்பில் போட்டு, இப்போதுள்ள ரூ.55,000-உடன் சேர்த்து ஸ்கூட்டர் தவணை நீங்கிய மூன்று மாதச் செலவுக்கு ஈடான ரூ.1,62,000 ஆகும் வரை விடாமல் கட்டி வாருங்கள், மீதமுள்ள ரூ.1,000-இலேயே சைக்கிளின் பராமரிப்பையும் வாடகையையும் பார்த்துக்கொள்ளலாம்.