மருத்துவம் கிடைக்கவில்லை, நுண்ணங்கி படிக்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் தரமும் மகளுக்கு மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. மூன்றாம் தரம் எழுதச் சொன்னால், “பற்றீரியா கலத்துக்குள் புகுந்து புரதங்களின் சமிக்ஞையை எப்படி மாற்றுகிறது என்று படிக்கப் போகிறேன்” என்கிறாள். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மகள் சொல்வது சும்மா பேச்சு இல்லை அம்மா.

நம் கலங்களில் கிருமியை அடையாளம் காணும் புரதங்கள் உண்டு. கிருமி பட்டதும் உள்ளே ஒரு நொதியம் அடுத்த புரதத்தில் பொஸ்பேற்று என்ற சிறிய அணுக்கூட்டம் ஒன்றை ஒட்டும். அது செயற்படத் தொடங்கி இன்னொன்றில் ஒட்டும். இப்படியே செய்தி கலத்தின் கரு வரைக்கும் போய், எதிர்ப்புக்கான மரபணுக்கள் வேலை தொடங்கும். கைனேசு எனப்படும் இந்த நொதியங்கள் மனிதரில் 500க்கும் மேல். பற்றீரியா கை வைப்பதும் இங்கேதான். பிளேக் கிருமி, ஊசி போன்ற ஓர் அமைப்பால் யொப்ஜே என்ற தன் புரதத்தைக் கலத்துக்குள் செலுத்துகிறது. பொஸ்பேற்று ஒட்டவேண்டிய இடத்தில் அது அசெற்றைல் என்ற வேறொரு கூட்டத்தை ஒட்டிவிட, செய்தி அங்கேயே நின்றுபோகிறது. வயிற்றுளைவைத் தரும் சிகெல்லா இன்னும் பொல்லாதது. அதன் ஒரு புரதம், மறுபடி ஒட்டவே முடியாதபடி பொஸ்பேற்றைக் கழற்றிவிடும்.

இது எங்கோ நடக்கிற விசயம் இல்லை. மெலியோய்டோசிஸ் என்ற நோய் மட்டக்களப்பிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதன் பற்றீரியா ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது. வயலில் இறங்குவோரும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களும் கவனமாக இருக்கவேண்டியது. அது கலத்துக்குள் புகுந்தால் கலத்துக்கு உருவம் கொடுக்கும் அக்டின் புரதத்தையே பிடித்து நகர்ந்து, பக்கத்துக் கலங்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும். ஊசி மருந்துக்குப் பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை போடவேண்டிய நோய். வேளாண்மை செய்கிற ஊரில் பிறந்த பிள்ளை இதைப் படிக்க ஆசைப்படுவது எனக்குப் பெரிய சந்தோசம்.

இனி வேலைக்கு வருவோம். நுண்ணங்கியியல் படித்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. அதற்கு மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்ற தனிப் படிப்பும், இலங்கை மருத்துவச் சபையின் பதிவும் தேவை. யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பட்டம் இருக்கிறது. படித்து முடித்ததும் சம்பளம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் அதை முன்னுக்குப் போடுங்கள். அதை முடித்தவருக்கும் ஆராய்ச்சிக் கதவு மூடுவதில்லை.

மகள் கேட்கிற ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் விஞ்ஞான பீடம். கொழும்பிலும் பேராதனையிலும் மூலக்கூற்று உயிரியலைச் சிறப்பாகப் படிக்கலாம். வீட்டோடு இருக்கவேண்டும் என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே தொடங்கி மேற்படிப்பில் இதற்கு மாறலாம். ஆனால் பாதை நீளம். பட்டத்துக்குப் பிறகு முதுமாணி, கலாநிதி என்று போகவேண்டும். இந்தத் துறையின் பெரிய ஆய்வுகூடங்கள் வெளிநாட்டில். அங்கே விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும், காணி விற்கவேண்டியதில்லை. இடையில் நின்றாலும் உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாடு, ஆசிரியத் தொழில் என்று வழி உண்டு.

மகளிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரசாயனவியல் பிடிக்குமா? மேலே சொன்னதெல்லாம் கூட்டங்களை ஒட்டுவதும் கழற்றுவதும்தானே. உயிரியலைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்து, சேதன இரசாயனத்தைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளை இதில் கஷ்டப்படும். அப்புறம், இன்று மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானி என்ற கருவி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான பொஸ்பேற்று இடங்களை அளந்து தருகிறது. அந்தத் தரவைப் பிரித்துப் பார்க்கப் புள்ளிவிபரவியலும் கொஞ்சம் கணினி மொழியும் வேண்டும். ‘ஆர்’ மொழியை வீட்டில் ஒரு மடிக்கணினியில் இலவசமாகப் பழகலாம். கம்பஸ் தொடங்கும் வரை இருக்கிற மாதங்களில் ஆங்கிலத்தோடு இதையும் தொடங்கட்டும்.

மூன்றாம் தரம் எழுதுவது அவளுடைய சொந்த விருப்பமாக இருந்தால் மட்டும் சரி. உங்களுக்காக எழுதினால் ஒரு வருடம்தான் போகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை இருவரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். விண்ணப்பத்தில் எழுதுகிற விருப்ப ஒழுங்கின்படிதான் இடம் தருவார்கள், ஆகவே அந்த ஒழுங்கை அவளே எழுதட்டும். அனுப்புவதற்கு முன் இசட் புள்ளியோடு என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள்.