மாரிக் காய்ச்சல்: எந்தச் சோதனை, எத்தனையாம் நாள்?

மாரி தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி, பிள்ளைகளின் காய்ச்சலும் இரத்த ரிப்போட்டும்தான். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஏழு வயது மகனுக்கு டெங்கு ஐ.ஜி.எம். பொசிட்டிவ். இன்று ஒன்பதாம் நாள், காய்ச்சல் இன்னும் விடவில்லை. வேறு சோதனை வேண்டுமா? (தாய், கிண்ணியா)

வேண்டும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டெங்குக் காய்ச்சல் பொதுவாக ஏழு நாளைத் தாண்டாது. ஐ.ஜி.எம். என்பது கிருமியல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். நோய் மாறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் இரத்தத்தில் நிற்கும். ஆகவே உங்கள் ரிப்போட் காட்டுவது போன மாதம் தெரியாமல் வந்துபோன டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நோய் ஒன்றாக வருவதும் உண்டு. 2017 மார்ச்சில் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. அதனாலோ என்னவோ, அந்தச் சொல்லைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறோம்.

நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக்காய்ச்சலை. பற்றைகளில் எலிமேல் ஒட்டி வாழும் மிகச் சிறிய உண்ணிக்குஞ்சு கடித்து வருவது. பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் அக்குள், கவட்டை, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். சிகரட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். நோகாது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகாது. சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அதுவே ஒரு சான்று.

மூன்றாம் நாள் எலிக்காய்ச்சல் சோதனை நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா? (தகப்பன், தம்பலகாமம்)

அவசரப்படாதீர்கள். எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையில் ஐந்து நாளாவது போகாமல் ஒன்றும் தெரியாது. முதல் வாரத்தில் இரத்தத்தில் கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் பயன். உறுதிக்கு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். அதுவரை மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை. பிள்ளை வயலில், வாய்க்காலில் இறங்கியதா, வீட்டில் மாடு, நாய் உண்டா என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கண் சிவப்பு, கெண்டைக்கால் நோவு, சிறுநீர் குறைவு இருந்தால் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், பிளேட்லெட் குறைவதை வைத்து டெங்கு என்று முடிவு கட்டாதீர்கள். இந்த மூன்று நோயிலும் அது குறையலாம். புருஃபன், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். எடைக்கேற்ற பனடோல் போதும்.

வீட்டில் மாடும் நாயும் உண்டு. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கும் எல்லாச் சோதனையும் செய்து வைக்கலாமா? (மூதூர்)

தேவையில்லை. பழைய தொற்றின் சுவடு பொசிட்டிவ் காட்டும், வீண் பயமும் மருந்தும்தான் மிஞ்சும்.

உண்ணிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பல்லைக் கறுக்க வைக்குமாமே? (நிலாவெளி)

பழைய பயம். எட்டு வயதுக்குக் கீழும் உண்ணிக்காய்ச்சலுக்குச் சில நாள் கொடுப்பதால் பல் கெடுவதாகத் தெரியவில்லை. மாற்று மருந்தாக அசித்ரோமைசினும் உண்டு. எது என்பதை டொக்டர் முடிவு செய்யட்டும்.

நாய் கடித்தது. விசர் தொற்றியதா என்று இரத்தத்தில் பார்க்கலாமா? (உப்புவெளி)

முடியாது, அப்படி ஒரு சோதனை இல்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசிக்கு உடனே போங்கள்.