"நான் என்ன பாவம் செஞ்சேன், சிஸ்டர்?"

கேள்வி: கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வீடு வீடாகச் சென்று, முற்றிய நோயின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கும் குழுவில் தலைமைச் செவிலியராக இருக்கிறேன். புற்றுநோய் முற்றிய தமிழ் நோயாளிகள் பலர் "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்கிறார்கள். எங்கள் செவிலியர்களில் சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்; சிலர் தங்கள் மதம் சொல்லும் ஆறுதலைச் சொல்கிறார்கள். இவர்களுக்கு ஆன்மிகப் பராமரிப்பில் எவ்வாறு பயிற்சி அளிப்பது?

பதில்: அந்தக் கேள்வியை நோயாளி விடையை எதிர்பார்த்துக் கேட்பது அரிது என்பதைப் புரியவைப்பதிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். முன்வினை, விதி, இறைவனின் சோதனை என்று எந்த விளக்கத்தைச் சொன்னாலும் அவர் அத்துடன் வாயை மூடிக்கொள்வார். மாறாக, "அப்படித் தோன்றுவது எதனால், ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், பாகப்பிரிவினையோடு பேச்சு முறிந்துபோன தம்பியைப் பற்றியோ, திருமணமாகாத மகளைப் பற்றியோ மெல்லச் சொல்லத் தொடங்குவார்.

ஆனால் உடல் வலி அடங்காத நிலையில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராவதற்கு முன்பு செவிலியராகப் பயிற்சி பெற்றவர். உடல், மனம், குடும்பச் சூழல், ஆன்மா ஆகிய நான்கிலும் எழும் வேதனையைச் சேர்த்து ஒரே வலியாகக் காண வேண்டும் என்று கற்பித்தவர். ஆகவே வலியடக்கும் மார்ஃபின் மருந்தை வேளைக்குக் கொடுப்பதும் ஆன்மிகப் பராமரிப்பின் பகுதியே என்று உங்கள் செவிலியர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் நாளில், மரணத்தைப் பற்றித் தாம் என்ன நம்புகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தமக்காக மட்டும் எழுதிப் பார்க்கட்டும். தன் நம்பிக்கையைத் தெளிவாக அறியாதவர்தான் அதைப் பிறர்மேல் தெரியாமல் திணிக்கிறார். பிறகு மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் நோயாளியாகப் பேச, ஒருவர் செவிலியராகக் கேட்க, மூன்றாமவர் கவனிக்கட்டும். ஐந்து நிமிடம் அறிவுரையே சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. இந்தப் பயிற்சியைப் பல வாரங்கள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே வகுப்பில் இது படியாது.

என்ன கேட்பது என்று தடுமாறுவோருக்கு, அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1996-இல் உருவாக்கிய ஃபிகா என்னும் முறை உதவும். மனத்துக்குத் தெம்பு தரும் நம்பிக்கை எது, வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம், துணை நிற்பவர்கள் யார், இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டால் போதும். படிவம் நிரப்புவதுபோலக் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

உங்கள் எல்லைப் பகுதியில் மொழியையும் கவனிக்க வேண்டும். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம். தமிழில் அது குறும்பு. இரண்டு மொழியும் பழகியவருக்குக்கூட, துயரம் முற்றும்போது தாய்மொழிதான் வாயில் வரும். ஆதலால் நோயாளி சொன்ன சொல்லை, 'மனசு ஆறல' என்றால் அப்படியே, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சடங்குகளைப் பொறுத்தவரை, ஒருவருக்கு துளசி தீர்த்தம், ஒருவருக்கு கிறிஸ்தவக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல், ஒருவருக்கு முஸ்லிம்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கிப் படுக்க வைப்பது எனத் தேவை வேறுபடும். மதத்தைப் பார்த்து ஊகிக்காமல் அவரிடமே கேட்டு, உரிய பெரியவரை வரவழைக்க வேண்டும். நோயாளி கேட்காமல் செவிலியர் ஜெபிக்கவோ மந்திரம் சொல்லவோ கூடாது. இதில் விலக்கே வேண்டாம்.

கேரள அரசு 2008-இல் நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உள்ளூர்த் தன்னார்வலர்களே அந்த மாநிலத்துப் பணியின் பெரிய பலம். செவிலியர் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்ட பிறகும் நோயாளியின் அருகே அமரக்கூடியவர்கள் அவர்கள் என்பதால், பயிற்சியில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை எல்லோரும் கூடி ஒரு நோயாளியைப் பற்றி விரிவாகப் பேசுங்கள். அந்த வாரம் தன் பொறுப்பிலிருந்த நோயாளியை இழந்த செவிலியர் இருந்தால், அவரை முதலில் பேச விடுங்கள்.