வக்கீல் கடிதத்தில் ‘பாரபட்சமின்றி’ என்று இருந்தால்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். சேலம் வியாபாரி ஒருவருக்கு 2024 ஜனவரி 12 அன்று 60 நாள் கடனில் சரக்கு அனுப்பினேன். பாக்கி 4,80,000 ரூபாய். துணியில் குறை என்று சொல்லி இழுத்தடித்தார். இப்போது அவருடைய வக்கீல், மேலே ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்று போட்டு, 3,00,000 ரூபாயோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிக் காசோலையும் அனுப்பியிருக்கிறார். தமிழ் நகலில் ‘பாரபட்சமின்றி’ என்று இருக்கிறது. பாக்கியை ஒப்புக்கொண்டதாக இதைக் கோர்ட்டில் காட்டலாமா? காசோலையை பேங்கில் போடலாமா?

பதில்: அந்தத் தமிழ் நகல் உங்களைக் குழப்பிவிட்டது. பேச்சு வழக்கில் பிரிஜுடிஸ் என்றால் தப்பெண்ணம், அதாவது ஆளை அறியும் முன்பே சாதியையும் ஊரையும் வைத்து முடிவுகட்டுவது. சட்டத்தில் அதே சொல் ஒருவரின் உரிமைக்கு நேரும் பாதகத்தைக் குறிக்கும். எனவே ‘எங்கள் கட்சிக்காரரின் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சமரசம் பேசும்போது விட்டுக்கொடுத்து எழுதியதை, பேச்சு முறிந்தபின் எழுதியவர் மேலேயே திருப்பக்கூடாது என்பதற்காகவே அந்த வாசகம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 21-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே 3,00,000 ரூபாய் தருவதாகச் சொன்னதையே கடன் ஒப்புதலாகக் காட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். பெரும்பாலும் அது எடுபடும். ஆனால் மேலே முத்திரை குத்தியதாலேயே எல்லாக் காகிதத்துக்கும் காப்பு வந்துவிடாது. தகராறும் சமரசப் பேச்சும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் முத்திரை இல்லாத கடிதத்துக்கும் காப்பு கிடைக்கலாம். நீங்கள் சம்மதித்துவிட்டாலோ அது முடிந்த ஒப்பந்தம். அதை நிரூபிக்க அதே கடிதத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

காலாவதி, அதாவது வழக்குப் போடுவதற்கான கெடு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடன் தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்பது கணக்கு. உங்களுக்கு அந்தத் தவணை 2024 மார்ச் 12-ல் முடிந்தது. 2027 மார்ச் 12 கடைசி நாள். காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, கெடுவுக்குள் கையெழுத்திட்ட கடன் ஒப்புதல் கிடைத்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். அதற்கு இந்தக் கடிதத்தை நம்பாதீர்கள். நிபந்தனை எதுவுமில்லாத பாக்கி உறுதிச் சீட்டு ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் நாளைக் கடத்தாமல் வழக்குக்குத் தயாராகுங்கள்.

காசோலையை இப்போதைக்குப் பேங்கில் போடாதீர்கள். ‘முழுக்கணக்கும் தீர்ந்தது’ என்ற நிபந்தனையோடு வந்ததைப் பணமாக்கினால், ஒப்பந்தச் சட்டத்தின் 8, 63-ஆம் பிரிவுகளைக் காட்டி, சம்மதித்துவிட்டார் என்று வாதிடுவார்கள். பணமாக்கிவிட்டுப் பிறகு ஆட்சேபம் எழுதுவது பயன்படாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம், ரயில்வே இழப்பீட்டுக் காசோலை வழக்கில் சொல்லிவிட்டது. முதலில் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: ‘3,00,000 ரூபாயைப் பகுதித் தொகையாக மட்டும், மீதி 1,80,000 ரூபாய்க்கும் வட்டிக்கும் உள்ள என் உரிமைக்குப் பாதகமின்றிப் பெறத் தயார். சம்மதமில்லையேல் காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன்.’ எழுத்தில் பதில் வந்தபின் போடுங்கள். பதிலே வராவிட்டால் காசோலையைத் திருப்பிவிடுவதே பத்திரம்.

வழக்கு என்று வந்தால், 3,00,000 ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு என்பதால், அவசரத் தடையுத்தரவு ஏதும் கேட்காதபோது, முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு போட்டாக வேண்டும். அதற்கு 3 மாதம், இருவரும் ஒத்துக்கொண்டால் மேலும் 2 மாதம். அந்த நாட்கள் காலாவதிக் கணக்கில் சேராது.