அட்டவணை முடியவில்லை: குறை நிரலிலா, கணக்கிலா?

கேள்வி: ஒரு மாணவருக்கு ஒரே வேளையில் இரண்டு தேர்வு வரக்கூடாது. குறைந்தது எத்தனை வேளைகளில் எல்லாத் தேர்வுகளையும் முடிக்கலாம் என்று கண்டுபிடிக்க நிரல் எழுதினேன். 10 பாடங்களுக்கு உடனே விடை வருகிறது, 40 பாடங்களுக்கு முடிவதே இல்லை. கணக்கே கடினமானது என்கிறார் நண்பர். அதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: 40 பாடங்களை 3 வேளைகளில் போடும் எல்லா வழிகளையும், நொடிக்கு 10 கோடி வீதம் சோதித்தாலும் 3,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இதை வைத்து உங்கள் முறை மெதுவானது என்று மட்டும்தான் சொல்லலாம். வேகமான வேறு முறை இருக்கலாமே?

கணக்கே கடினம் என்று காட்ட, கடினம் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை உங்கள் கணக்காக மாற்ற வேண்டும். கிராஃப் நிறமிடல் இதற்குப் பொருத்தம். கிராஃப் என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம்; ஒரு கோட்டின் இரு முனைகளுக்கும் ஒரே நிறம் வராமல், மிகக் குறைந்த நிறங்களில் எல்லா முனைகளுக்கும் நிறமிடுவதே கணக்கு. கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் 1972-இல் கடினம் என்று காட்டிய 21 கணக்குகளில் அதுவும் ஒன்று. எந்த கிராஃபையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையும் ஒரு பாடம். ஒவ்வொரு கோட்டுக்கும், அதன் இரு முனைப் பாடங்களை மட்டும் எடுத்த ஒரு மாணவர். இப்போது நிறங்கள்தான் வேளைகள். உங்கள் கணக்கை எப்போதும் வேகமாகத் தீர்க்க முடிந்தால், நிறமிடலையும் வேகமாகத் தீர்க்கலாம். நண்பர் சொன்னது சரிதான்.

திசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் கணக்கை நிறமிடலாக மாற்றினால் எதுவும் நிரூபணமாகாது. சுலபமான கணக்கையும் கடினமான ஒன்றாக மாற்றிவிட முடியும்.

இந்த நிரூபணம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இத்தகைய கணக்குகளுக்கு வேகமான முறையே கிடையாது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கிளே கணித நிறுவனம் 2000-இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்த கேள்விகளில் இதுவும் உண்டு.

அதற்காக நிரலைக் கைவிட வேண்டாம். கடினம் என்பது மிக மோசமான தரவைப் பற்றிய கூற்று; உங்கள் தரவு அப்படி இருக்க வேண்டியதில்லை. அதிக மோதல் உள்ள பாடங்களுக்கு முதலில் வேளை ஒதுக்குங்கள், அல்லது தயாராகக் கிடைக்கும் ஒரு சாட் சால்வரிடம் (ஆம்/இல்லை நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர நிறைவேற வழி தேடும் நிரல்) கொடுத்துப் பாருங்கள். அப்புறம், ஒரு மாணவராவது 6 பாடம் எடுத்திருந்தால் 6 வேளைக்குக் குறைய வழியில்லை. 6 வேளையில் ஓர் அட்டவணை அமைந்துவிட்டால் அதுவே மிகச் சிறந்தது, மேற்கொண்டு தேட வேண்டாம்.