யாழ்ப்பாணத்துப் பழைய கிட்டங்கியைக் கலைக்கூடமாக்கலாமா?

லண்டனில் பேங்க்சைட் மின்நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் டேட் மொடர்ன் கலைக்கூடமானது. யாழ்ப்பாணத்துப் பழைய கிட்டங்கியையும் (சரக்குக் களஞ்சியம்) அப்படி மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் இரண்டும் ஒரே சாதிக் கட்டடம் அல்ல.

பேங்க்சைட்டில் பாரத்தைச் சுமப்பது உள்ளே நிற்கும் உருக்குச் சட்டகம். செங்கல் அதன்மேல் போர்த்தியது. அதனால் டர்பைன்களை அகற்றியதும் பென்னாம்பெரிய மண்டபம் கிடைத்தது. நமது கிட்டங்கிகளிலோ கூரையைத் தாங்குவது சுவர்தான். குடாநாடு சுண்ணக்கல் பூமி. ஆகவே பழைய சுவர்கள் பெரும்பாலும் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். பெரிய கண்ணாடிக் கதவு வைக்க ஆசைப்பட்டு, முட்டுக் கொடுக்காமல் சுவரை இடித்தால் கூரை இறங்கிவிடும்.

அதைவிட எனக்குப் பயம் சீமெந்துப் பூச்சுதான். சுண்ணாம்புச் சுவர் மாரியில் ஈரத்தை இழுத்து, வெயிலில் தானாக உலர்ந்துவிடும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, கல்லே மாவாக உதிரும். தயவுசெய்து சுண்ணாம்பே பூசுங்கள். அப்புறம், கூரையைத் தாங்கும் பனங் கைமரங்களின் சுவருக்குள் செருகிய முனைகளைத் தட்டிப் பாருங்கள். ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அந்த மரத்தை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.