நகையை அடகு வைக்க வேண்டாம், இயற்பியலில் சேருங்கள்

"நகையை வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடு என்கிறார் என் அண்ணன். அரசுப் பள்ளியில் படித்த பெண். அவளோ கடல், கடல் என்கிறாள். பயமாக இருக்கிறது" என்று நாகப்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் நகையை வைக்காதீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவது தாய்மாமா இல்லை. இன்ஜினியரிங் கவுன்சலிங், நீட் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் அந்தமான் கடலில் நீள நீள வரிகளைக் காட்டினாள் என்றீர்களே, அவை கடலுக்குள் ஓடும் அலைகளின் தடம். மேலே வெதுவெதுப்பான லேசான நீர், கீழே குளிர்ந்த கனமான நீர். அந்தமான் நிகோபார் தீவுகளுக்கிடையே கடலடி மேடுகள்மீது ஓதம், அதாவது தினசரிக் கடல்நீர் ஏற்ற இறக்கம், ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை அலையாகக் கிளம்புகிறது. மேலே சலசலக்கும் ஒரு பட்டைதான் தெரியும். உள்ளே அலையின் வீச்சு 60 மீட்டர் அளவுக்கு இருந்ததாக ஆஸ்பர்ன், பர்ச் என்ற ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்டார்கள். கரையோரம் ஆழம் குறையும் இடத்தில் அலை உடைகிறது. மேல்நீரின் வெப்பம் கீழே கலக்கிறது. குளிர்நீர் சத்துகளோடு மேலேறுகிறது. தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் இந்தக் குளிர்நீர் படும் மேற்குப் பக்கப் பவளங்கள், 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் பாதிக்கப்பட்டபோது, கிழக்குப் பக்கத்தைவிடக் குறைவாகவே வெளுத்தன. அந்தமான் நிகோபார் பக்கமிருந்து மேற்கே வரும் அலைகள் வங்கக்கடலைத் தாண்டித் திருகோணமலை விரிகுடா நீரையும் ஆட்டுகின்றன. உங்கள் பெண்ணுக்குப் பிடித்திருப்பது சும்மா வேடிக்கை இல்லை.

கடல் என்றாலே மீன் படிப்பு என்று நினைக்காதீர்கள். இந்த அலைகளை ஆராயும் கடலியலுக்குக் கணக்கும் இயற்பியலும்தான் அடிப்படை. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு கிடைக்கும். பிறகு கொச்சியில் குசாட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ கடலியல் முதுகலை. சென்னை பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்), ஐதராபாத்தில் இன்காய்ஸ் (தேசியக் கடல் தகவல் சேவை மையம்), கோவாவில் என்.ஐ.ஓ. (தேசியக் கடலியல் நிறுவனம்) எல்லாம் இந்த வேலை நடக்கும் இடங்கள்.

வேலை கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லமாட்டேன். நிறைய ஒப்பந்தப் பணிதான். விஞ்ஞானியாக நிலைக்கப் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும், முடிக்க 30 வயதை நெருங்கிவிடும். நடுவில் கல்யாணப் பேச்சு வரும். அதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். முதல் வருடமே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கட்டும். கடல் தரவுகளுக்கு அது இல்லாமல் முடியாது, துறை மாறினாலும் சோறு போடும்.

அண்ணன் எங்காவது முன்பணம் கட்டுவதாகச் சொல்லியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கட்டியபின் திரும்ப வாங்குவது பெரும்பாடு.